கமலை ஓய்ந்த கிணற்றுக்கு வரைபடத்தில் என்ன பெயர்? வழக்கொழிந்த வேளாண் கட்டமைப்புகளைக் குறிக்கும் முறை

யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கள் ஊரை வரையத் தொடங்கும் பலரும் சாலை, தெரு, கோயில், பள்ளி, ரேஷன் கடை வரை அதிகச் சிக்கலின்றி வந்துவிடுகிறார்கள். ஊரைத் தாண்டி வயல்வெளிக்குள் போனதும் தடுமாற்றம் தொடங்குகிறது. மாடு பூட்டி நீர் இறைத்த கமலையின் கல்தூண்கள் மட்டும் நிற்கும் கிணறு, கூரை சரிந்த மோட்டார் ரூம், புல் மண்டிய நெற்களம், ஏரிக்குள் தனித்து நிற்கும் பழைய மடையான குமிழித் தூம்பு என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் ஏராளமாக இருக்கின்றன; ஆனால் அவை எந்த வேலைக்காகக் கட்டப்பட்டனவோ அந்த வேலை இன்று அங்கே நடப்பதில்லை. ஒருவர் அதைக் கிணறு என்று குறிக்கிறார். இன்னொருவர் இடிபாடு என்று திருத்துகிறார். மூன்றாமவர் வரலாற்றுச் சின்னமாக்குகிறார். நான்காமவர் பயனற்றது என்று நீக்கிவிடுகிறார்.

இது தமிழ்நாட்டு வயல்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஓஸ்ட் வீடுகள், அமெரிக்க மத்திய மேற்கின் கோபுரச் சைலோக்கள், நெதர்லாந்தின் காற்றாலைகள், ஈரானில் இஸ்ஃபஹானைச் சுற்றியுள்ள புறாக் கோபுரங்கள் ஆகியவற்றிலும் இதே கேள்வி எழுகிறது. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒரே சொல்லில் அடைக்க முயல்வதால்தான் இந்தக் கருத்து வேறுபாடுகளில் பெரும்பாலானவை தோன்றுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். கேள்விகளைப் பிரித்துவிட்டால் மேலே சொன்ன நால்வரில் மூவர் ஒரே பொருளின் மீது சண்டையின்றி உடன்பட முடியும்.

குறிச்சொல் எப்படி வேலை செய்கிறது

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004 இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம். விக்கிப்பீடியாவைப் போல யாரும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம்; தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இதன் தரவுத்தளத்தில் புள்ளி, கோடு, உறவு என மூன்றே வகை உறுப்புகள் உள்ளன. புள்ளி ஓர் இடத்தைக் காட்டும். கோடு புள்ளிகளை வரிசையாக இணைக்கும். அது தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் ஒரு பரப்பாகும். உறவு பல உறுப்புகளை ஒன்றாகத் தொகுக்கும். இவற்றில் எதற்கும் தானாக ஒரு பொருள் கிடையாது. ஒரு சதுரக் கோடு வீடாகவும் இருக்கலாம், குளமாகவும் இருக்கலாம்.

பொருளைத் தருவது குறிச்சொல், அதாவது பேச்சுவழக்கில் நாம் 'டேக்' என்பது. ஒவ்வொரு குறிச்சொல்லும் ஒரு திறவும் ஒரு மதிப்பும் சேர்ந்த இணை. கிணற்றுக்கு 'மேன் மேட்' என்பது திறவு, 'வாட்டர் வெல்' என்பது மதிப்பு. கட்டடத்துக்கு 'பில்டிங்' என்பது திறவு, 'பார்ன்', 'கவ்ஷெட்' போன்றவை மதிப்புகள். தரவுத்தளத்தில் இவை பிரிட்டிஷ் ஆங்கிலச் சொற்களாகவே பதிவாகும். இக்கட்டுரையில் அவற்றின் ஒலிப்பு மட்டும் தரப்படுகிறது. திறவுக்கும் மதிப்புக்கும் 255 எழுத்துவரை இடமுண்டு. அதற்குள் யாரும் எந்தச் சொல்லையும் இடலாம், முன் அனுமதி தேவையில்லை என்பது இத்திட்டத்தின் தொடக்ககாலக் கொள்கை.

சுதந்திரம் இவ்வளவு இருக்கும்போது உடன்பாடு எதற்கு என்று கேட்கலாம். குறிச்சொற்களைப் பெரும்பாலும் படிப்பவை மென்பொருள்களே. வரைபடப் படிமத்தை உருவாக்கும் மென்பொருளும், இடம் தேடித் தரும் மென்பொருளும், நடைவழி காட்டும் செயலியும் தமக்குத் தெரிந்த சில இணைகளை மட்டுமே தேடி எடுக்கின்றன. பக்கத்தில் இன்னொரு குறிச்சொல்லில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பொருளை மாற்றிப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. ஆகவே ஒருவர் இடும் சொல்லை மற்றவர்களும் அதே பொருளில் இட்டால்தான் அது தரவாகும்.

ஒரே சொல்லில் மூன்று கேள்விகள்

வழக்கொழிந்த ஒரு வேளாண் கட்டமைப்பின் முன் நிற்பவர் உண்மையில் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

1. இது என்னவாகக் கட்டப்பட்டது? இதற்கான விடை பெரும்பாலும் மாறாது. களஞ்சியமாகக் கட்டியது, அங்கே இப்போது உணவகம் நடந்தாலும், களஞ்சியமாகக் கட்டியதுதான்.
2. இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதன் வேலை நடக்கிறதா? இது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. நேரில் போய்ப் பார்த்தவரே இதற்குச் சரியாக விடை சொல்ல முடியும்.
3. இதற்கு வரலாற்று மதிப்பு உண்டா? இது கண்ணால் மட்டும் கண்டு சொல்லக்கூடியது அன்று. ஆவணம், கல்வெட்டு, அரசின் அறிவிக்கை அல்லது ஊர் அறிந்த சிறப்பு என ஏதேனும் ஒரு பிடிமானம் வேண்டும்.

'பழைய கிணறு' என்ற சொல்லாட்சியில் இந்த மூன்றுமே கலந்திருக்கின்றன. பேச்சில் அதனால் கேடில்லை. கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். மென்பொருளுக்கு அந்த வசதி இல்லை.

வடிவத்தைச் சொல்லும் சொல், வேலையைச் சொல்லும் சொல்

முதற் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் இடையிலுள்ள எல்லை எளிதாகத் தோன்றினாலும் விவாதங்களில் அதிகம் குழம்புவது இங்கேதான்.

அமெரிக்க மத்திய மேற்கின் பண்ணைகளில் உயரமான கான்கிரீட் சைலோக்கள் நிற்கின்றன. மக்காச்சோளப் பயிரைப் பச்சையாக நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்து, புளிக்கவைத்துக் கால்நடைத் தீவனமாக்கும் கோபுரங்கள் அவை. பின்னாளில் பல பண்ணைகள் தரைமட்டத்தில் சுவர் எழுப்பிச் சேமிக்கும் முறைக்கும் பிளாஸ்டிக் உறைகளுக்கும் மாறிவிட்டதால், கோபுரங்கள் பல காலியாக நிற்கின்றன. இவற்றை 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கும் முன்னொட்டைச் சேர்த்து எழுதினால், சைலோவைத் தேடும் மென்பொருளுக்கு அது சைலோவாகத் தெரியாது. பல கல் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கோபுரம் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். தீவனம் இல்லாவிட்டாலும் கோபுரம் கோபுரம்தான். வழிநடப்போர்க்கு அது அடையாளமாகப் பயன்படுவது நிற்கவில்லை. ஆகவே சைலோ என்ற குறிச்சொல்லை அப்படியே வைத்து, பயன்பாட்டில் இல்லை என்பதைத் தனிக் குறிச்சொல்லாகச் சேர்ப்பதே இங்கே பொருத்தம்.

மூடப்பட்ட பள்ளியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'அமெனிட்டி' திறவில் 'ஸ்கூல்' என்று எழுதுவது கட்டடத்தைப் பற்றியது அன்று. பாடம் நடக்கிறது என்பதைச் சொல்வது. பிள்ளைகளும் ஆசிரியரும் போய்விட்டால் அந்தக் குறிச்சொல் பொய்யாகிவிடுகிறது. பள்ளிகளைத் தேடும் செயலி அதைக் காட்டக் கூடாது. எனவே அங்கே முன்னொட்டு கட்டாயம் வேண்டும்.

வேளாண் கட்டமைப்புகளில் இரண்டு வகைச் சொற்களும் அடுத்தடுத்தே கிடக்கின்றன. 'மேன் மேட்' திறவின் கீழ் வரும் சைலோ, காற்றாலை, புறாக் கோபுரம் ஆகியவை வடிவச் சொற்கள். 'லேண்ட்யூஸ்' திறவின் கீழ் வரும் 'ஃபார்ம்யார்டு' வேலையைச் சொல்லும் சொல். பண்ணை ஓய்ந்து, முற்றத்தில் கார் நிறுத்தும் இடம் வந்துவிட்டால் அந்தச் சொல் போக வேண்டியதே.

கட்டடங்களுக்குச் சமூகம் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது. 'பில்டிங்' திறவின் மதிப்பு, கட்டடம் எந்த வகையாகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. இப்போதைய பயன்பாட்டுக்கு 'பில்டிங் யூஸ்' என்ற தனித் திறவு உண்டு. கென்ட் பகுதியின் ஓஸ்ட் வீடுகள் பீர் வடிப்பில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை உலர்த்தும் சூளைகளாகக் கட்டப்பட்டவை. கூம்புக் கூரையும், அதன் உச்சியில் காற்றோட்டத்துக்காகத் திரும்பும் வெள்ளைத் தொப்பியும் அவற்றின் அடையாளம். அவற்றில் பல இன்று குடியிருப்புகள். பழைய வகையை ஒரு திறவிலும் குடியிருப்பு என்பதை மற்றொன்றிலும் எழுதிவிட்டால், கட்டடக் கலையை ஆராய்பவருக்கும் அஞ்சல் முகவரி தேடுபவருக்கும் தேவையானது கிடைத்துவிடும்.

நிலையைச் சொல்லும் முன்னொட்டுகள்

இரண்டாம் கேள்விக்கென்றே திறவின் முன்னால் சேர்க்கும் சில முன்னொட்டுகள் வழக்கில் உள்ளன. திறவுக்கு முன் இந்தச் சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் இட வேண்டும்.

1. 'டிஸ்யூஸ்டு': வேலை நின்றிருக்கிறது, கட்டமைப்பு பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளது. சிறு பழுதுபார்ப்பில் மீண்டும் இயக்கலாம்.
2. 'அபாண்டண்டு': கைவிடப்பட்டுச் சிதைந்து வருகிறது. பெரிய செலவு செய்தாலொழிய மீளாது.
3. 'ரூயின்ஸ்': இடிந்துவிட்டது, சுவரோ தூணோ மிச்சமிருக்கிறது.
4. 'டெமாலிஷ்டு', 'ரேஸ்டு', 'ரிமூவ்டு': அந்த இடத்தில் பொருளே இல்லை.

முதல் இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம். உரிமையாளர் நினைத்தால் இந்தப் பருவத்திலேயே வேலையைத் தொடங்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நடைமுறையில் உதவும். முடியும் என்றால் முதல் வகை. கொத்தனாரும் தச்சரும் வந்தாக வேண்டும் என்றால் இரண்டாவது. இது துல்லியமான அளவுகோல் அன்று, ஆனால் இருவர் தனித்தனியாகப் போய்ப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே விடைக்கு வருவார்கள்.

பொருளின் முதன்மைக் குறிச்சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அதை மறுக்கும் இன்னொன்றைப் பக்கத்தில் எழுதுவது தவிர்க்க வேண்டிய பழக்கம். கட்டடம் உண்டு என்று ஒரு குறிச்சொல்லும், அது இடிக்கப்பட்டுவிட்டது என்று மற்றொன்றும் ஒரே உறுப்பில் இருந்தால், முதலாவதை மட்டும் படிக்கும் மென்பொருள் இல்லாத வீட்டைத் திரையில் வரைந்துவிடும். பங்களிப்பாளர்கள் இதற்கு 'ட்ரோல்டேக்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். சைலோவுக்கு 'பயன்பாட்டில் இல்லை' என்று தனியாகச் சேர்ப்பதும் இதுவும் ஒன்றல்லவா என்ற கேள்வி நியாயமானது. வேறுபாடு ஒன்றுண்டு: காலிச் சைலோவைச் சைலோ என்று காட்டும் வரைபடம் பொய் சொல்வதில்லை, இடித்த வீட்டை வீடு என்று காட்டும் வரைபடம் பொய் சொல்கிறது.

நெதர்லாந்தின் காற்றாலைகள் இந்த வகைப்பாட்டையே சற்று அசைத்துப் பார்க்கின்றன. உலகப் பாரம்பரியக் களமாக 1997 இல் அறிவிக்கப்பட்ட கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் நிற்கின்றன. தாழ்நிலத்து நீரை இறைக்கும் வேலையை இயந்திர நிலையங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன; ஆனால் காற்றாலைகள் ஓடும் நிலையிலேயே பேணப்படுகின்றன, இறக்கைகள் சுற்றுகின்றன, சிலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். காற்றாலையையும் நீராலையையும் இயக்கும் ஆலையர் கைத்தொழில் 2017 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இவற்றுக்கு 'டிஸ்யூஸ்டு' என்று எழுதுவது சரியாகாது. தொழில்நுட்பம் வழக்கொழிவதும் ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பு ஓய்வதும் தனித்தனிச் செய்திகள். குறிச்சொல் இடுபவர் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

ஒரு கிணறு, நான்கு காலம்

கொங்கு வட்டாரத்திலும் தென்மாவட்டங்களின் கரிசல், செம்மண் காடுகளிலும் இந்தச் சிக்கல் முழு உருவத்தில் தெரிகிறது. பாறையைக் குடைந்து வெட்டிய அகன்ற கிணறு. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு கல்தூண்கள், உருளையின் அச்சைத் தாங்கிய குழிகளோடு நிற்கின்றன. தூண்களின் அடியில் நீர் கொட்டிய கல்தொட்டி, அதிலிருந்து வயலை நோக்கிப் போகும் வாய்க்காலின் தடம். தூண்களுக்குப் பின்னால், மாடுகள் இறங்கிப் போவதற்காகச் சரித்து வெட்டிய நீண்ட பாதை.

கமலை இயங்கிய முறை தெரிந்தால்தான் இந்தத் துண்டுகள் ஒன்றாகச் சேரும். ஒரு சோடி மாடுகள் சரிவில் இறங்கும்போது, வடக்கயிறு மேலுருளை வழியாக, சால் என்னும் நீர் நிறைந்த கலத்தை மேலே இழுக்கும். சாலின் அடியில் தோலால் தைத்த தும்பி இருக்கும். அதன் வாயை வால்கயிறு கீழுருளை வழியாக இழுத்துத் தொட்டிக்குள் கொண்டுவரும்போது நீர் கொட்டும். பிறகு மாடுகள் மேட்டுக்குத் திரும்ப, வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்கும். கயிறு, தோல், மரம் எல்லாம் மட்கிவிட்டன. கல்லும் சரிவும்தான் மிச்சம்.

1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. அதற்கடுத்த பல பத்தாண்டுகளில் ஆயில் எஞ்சினும் மின் மோட்டாரும் பரவப் பரவக் கமலை ஓய்ந்தது. மோட்டாரை வைக்கக் கிணற்று மேட்டில் ஓட்டுக்கூரையோடு சிறு அறை கட்டினார்கள். பிறகு நிலத்தடி நீர் இறங்கி, கிணற்றுக்கு அருகிலேயோ உள்ளேயோ ஆழ்துளை போட்டு, நீர்மூழ்கி மோட்டார் இறக்கிய பின், அந்த அறையும் ஓய்ந்துவிட்டது. ஆக, கிணறு, கமலை, மோட்டார் ரூம், ஆழ்துளை என நான்கு அடுக்குகள் ஒரே புள்ளியில் நிற்கின்றன. இவற்றை ஒரே உறுப்பாக வரைந்து ஒரே குறிச்சொல் இட முயல்பவர் எதைத் தேர்ந்தாலும் மற்ற மூன்றைப் பற்றித் தவறு செய்வார். எனவே:

1. கிணற்றைத் தனி உறுப்பாக வரைய வேண்டும். அதில் நீர் நின்று, எப்போதாவது இறைக்கப்படுகிறது என்றால் அது நடப்பிலுள்ள கிணறு. குடிக்கத் தகாது என்றால் 'டிரிங்கிங் வாட்டர்' திறவில் 'நோ' என்றும், இறைக்கும் பொறி இல்லையென்றால் 'பம்ப்' திறவில் 'நோ' என்றும் எழுதலாம்.
2. மோட்டார் ரூமைத் தனிக் கட்டடமாக வரைய வேண்டும். கூரை இருந்தால் கட்டடம். கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றால் 'ரூயின்ஸ்' முன்னொட்டு.
3. ஆழ்துளை இப்போது நீர் தரும் வாய். அதற்குத் தனிப் புள்ளி.
4. கமலைத் தூண்களுக்கும் ஒரு தனிப் புள்ளி. கமலைக்கென்று உலகளவில் வேரூன்றிய குறிச்சொல் இல்லாததால் இது மற்றவற்றைவிடச் சிக்கலானது. உடன்பாடு பற்றிய பகுதியில் இதற்குத் திரும்புவோம்.

வற்றிப்போன கிணறுதான் உண்மையிலேயே கடினமானது. சைலோவுக்குச் சொன்ன விதியை இங்கே அப்படியே பொருத்தினால், பள்ளம் இருக்கும்வரை அது கிணறுதான். ஆனால் கிணறு என்ற குறிச்சொல்லைத் தேடும் செயலி நீருக்காகவே தேடுகிறது. வெயிலில் நடந்து வருபவரை வறண்ட குழிக்கு அழைத்துப் போவது சிறு பிழை ஆகாது. முன்னொட்டுச் சேர்த்து மறைத்தாலோ, கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழமான குழி ஒன்று வயல் நடுவில் இருப்பதை வரைபடம் சொல்லாமல் விடுகிறது. என் கணிப்பில், இங்கே நீர் தேடுபவரின் தேவை முந்துகிறது: கிணறு என்பதற்கு 'டிஸ்யூஸ்டு' அல்லது 'அபாண்டண்டு' முன்னொட்டு இட்டு, குழி திறந்தே கிடக்கிறது என்பதை விளக்கக் குறிப்பில் எழுதுவதே குறைந்த தீங்கு. இதை மறுப்பவர்களின் வாதத்திலும் வலுவுண்டு.

பெயர்ப் பெட்டியில் விளக்கம் எழுதுவது

தமிழ்நாட்டுத் தரவில் அடிக்கடி காணும் ஒரு பிழையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொருத்தமான குறிச்சொல் கிடைக்காதபோது, பெயருக்கான 'நேம்' திறவில் 'பாழுங்கிணறு', 'பழைய மோட்டார் ரூம்' என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் அது அழகாகத் தெரியும் என்பதே காரணம். பெயர்த் திறவு அந்த இடத்தின் சொந்தப் பெயருக்கு மட்டும் உரியது. ஊரார் 'நாயக்கர் கிணறு' என்று வழங்கினால் அது பெயர். 'பாழுங்கிணறு' என்பது நிலை. அதற்கு 'டிஸ்கிரிப்ஷன்' திறவு இருக்கிறது, அதில் தமிழிலேயே எழுதலாம்.

வரலாறு என்ற திறவு

மூன்றாம் கேள்விக்கு 'ஹிஸ்டாரிக்' என்ற திறவு உள்ளது. இது பழையது என்பதைக் குறிக்குமா, வரலாற்றுச் சிறப்புடையது என்பதைக் குறிக்குமா என்று பங்களிப்பாளரிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. பழையவை அனைத்துக்கும் இதை இட்டால், பயன்பாடு நின்ற ஒவ்வொரு மாட்டுத்தொழுவமும் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் ஏறிவிடும். சுற்றுலாச் செயலிகள் ஆட்களை அங்கே அனுப்பும். சிறப்புடையதற்கு மட்டும் என்றால், சிறப்பை யார் முடிவு செய்வது என்ற கேள்வி எழும். சட்டப்படி பாதுகாக்கப்பட்டவற்றுக்கு 'ஹெரிட்டேஜ்' என்ற தனித் திறவு இருப்பதால், அரசின் பட்டியலைக் காட்டக்கூடியவை அதில் போய்விடலாம். எஞ்சுபவைதான் வழக்குக்கு உரியவை.

குமிழித் தூம்பு இதற்கு நல்ல சோதனை. ஏரியின் உட்புறத்தில் இரண்டு உயர்ந்த கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், நடுவே அடைப்பை ஏற்றி இறக்கும் துளை. ஏரி நீரைக் கரைக்கு அடியிலுள்ள சுரங்கக் கால்வாயின் வழியாக வயலுக்கு விடும் மடை இது. பல ஏரிகளில் இப்போது திருகு ஷட்டர் மதகு அந்த வேலையைச் செய்கிறது. பழைய தூண்கள் நீர் நடுவே சும்மா நிற்கின்றன. தூம்பு அமைத்துக் கொடுத்தவர் பெயரையும் அரசரின் ஆட்சியாண்டையும் சொல்லும் கல்வெட்டு சில தூண்களில் உண்டு. அப்படிக் கல்வெட்டு இருந்தால் வரலாறு என்ற திறவை இடுவதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. இல்லாவிட்டாலும் கட்டுமான முறையே காலத்தைக் காட்டும் என்பதால் இடலாம் என்பது என் துணிபு. கமலைத் தூண்களுக்கு இதே தாராளம் காட்டலாமா? நூற்றுக்கணக்கில் ஒரே வட்டாரத்தில் நிற்பவற்றுக்கு எல்லாம் இட்டால் திறவின் பயன் குறையும். தூம்பும் கமலையும் ஒரே 'பழைய நீர்ப்பாசனம்' என்ற கூடைக்குள் போகக் கூடாது என்பதை மட்டும் இங்கே வலியுறுத்தலாம்.

இல்லாமற்போனதை வரைவது

தரையில் இருப்பதை வரை என்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதி. நீர் இறைக்கும் ஏற்றம் இதில் கமலையிலிருந்து வேறுபடுகிறது. யாழ்ப்பாணத்தில் துலா என்று வழங்கும் அந்த நெம்பு மரமும் அதைத் தாங்கிய மரக்காலும் மட்கிவிட்டால் பெரும்பாலும் எதுவும் எஞ்சுவதில்லை. 'இங்கே ஏற்றம் இருந்தது' என்று பெரியவர் ஒருவர் கைகாட்டிய இடத்தில் புள்ளி வைப்பது நினைவைப் பதிவு செய்வதாகும்; அதை அடுத்து வருபவர் சரிபார்க்க வழியில்லை. தூர்த்து மேலே வீட்டுமனை போட்ட கிணறும் அப்படியே.

இத்தகைய நினைவுகளுக்கு இடமே இல்லை என்று பொருளன்று. ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனித் திட்டம் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு ஆகியவற்றோடு மறைந்தவற்றையும் வரைய அனுமதிக்கிறது. மேலும், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் உறுப்பை நீக்கினாலும் அதன் பழைய பதிப்புகள் வரலாற்றுப் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இடித்த கட்டமைப்பு பழைய வான்படத்தில் இன்னும் தெரிந்தால், படத்தைப் பார்த்து வரைபவர் அதை மீண்டும் வரைந்துவிடுவார். 2010 இல் மைக்ரோசாஃப்டின் பிங் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி கிடைத்த பின், நேரில் போகாமல் வரையும் வழக்கம் பெருகியிருக்கிறது. அந்த இடத்தில் 'டெமாலிஷ்டு' முன்னொட்டோடு கட்டடத்தைச் சில காலம் விட்டுவைத்தால் அடுத்தவருக்கு அது எச்சரிக்கையாக இருக்கும். படம் புதுப்பிக்கப்பட்டதும் நீக்கிவிடலாம்.

உடன்பாட்டுக்கு வரும் வழி

கமலைக்குக் குறிச்சொல் இல்லை என்றோம். புதிய ஒன்றைக் கொண்டுவர இரு வழிகள் உள்ளன. முதலாவது, ஒரு சொல்லைத் தேர்ந்து, பயன்படுத்தத் தொடங்கி, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் விக்கியில் அதன் பொருளைப் படத்தோடு எழுதி வைப்பது. மற்றவர்களும் எடுத்துக்கொண்டால் அது வழக்காகிவிடும். எந்தக் குறிச்சொல் எத்தனை முறை வழங்குகிறது என்பதை 'டேக்இன்ஃபோ' தளத்தில் பார்க்கலாம். இரண்டாவது, முறையான முன்மொழிவு: வரைவை விக்கியில் வைத்து, குறைந்தது இரண்டு வாரம் கருத்துக் கேட்டு, பிறகு குறைந்தது இரண்டு வாரம் வாக்கெடுப்பு நடத்துவது. ஏறத்தாழ முக்கால் பங்கு ஆதரவு கிடைத்தால் ஏற்கப்பட்டதாகும். ஏற்கப்பட்ட குறிச்சொல்லையும் யாரும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளக்கம் தெளிவாக இருப்பதே அதன் ஆதாயம்.

வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் கமலையைக் கண்டிருக்க மாட்டார்கள் என்பதால், முன்மொழிவு எழுதுபவர் சில முடிவுகளை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

1. குறிச்சொல் எவ்வளவு விரிந்தது? மாட்டு விசையால் நீரிறைக்கும் கட்டமைப்பு என்று பொதுவாக வைத்தால் வட இந்தியாவின் சர்சா, எகிப்தின் சாக்கியா போன்றவையும் அதற்குள் அடங்கும். கமலை என்பதை உள்வகை மதிப்பாக எழுதலாம். கமலைக்கு மட்டும் என்று வைத்தால் தமிழ்நாட்டுக்கு வெளியே ஆதரவு கிடைப்பது அரிது. பொதுச்சொல்லும் உள்வகையும் சேர்ந்த அமைப்பே நிலைக்கும்.
2. எது இருந்தால் குறிக்கலாம்? தூண்களா, சரிவா, இரண்டுமா? தூண் ஒன்றாவது நிற்க வேண்டும் என்று வைப்பது நல்லது. சரிவு மட்டும் எஞ்சியிருப்பதை மழைநீர் ஓடையிலிருந்து பிரித்தறிவது கடினம்.
3. ஓய்ந்த நிலையே இயல்பு என்றால் முன்னொட்டு வேண்டுமா? காற்றாலையைப் போல வடிவச் சொல்லாக வைத்துக்கொண்டால் வேண்டாம். எங்கேனும் விழாவுக்கோ காட்சிக்கோ கமலை இறைத்துக் காட்டினாலும் வரையறை குலையாது.

கமலை, கவலை, கபிலை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறுவது தரவுத்தளத்தைப் பாதிக்காது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்த உதவும் 'ஐடி' என்ற தொகுப்பானில் குறிச்சொற்களுக்கான தமிழ்ப் பெயர்களைத் தன்னார்வலர்கள் தனியே மொழிபெயர்க்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பல தேடற்சொற்களையும் அதில் சேர்க்கலாம். மூன்று பெயர்களில் எதைத் தட்டினாலும் ஒரே குறிச்சொல் வந்து நிற்கச் செய்துவிடலாம்.

பழைய தரவை மாற்றும்போது

புதிய குறிச்சொல் ஏற்கப்பட்டதும், ஏற்கெனவே 'பாழடைந்த கிணறு' என்று கிடப்பவற்றையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றிவிட ஆசை வரும். தானியங்கித் திருத்தங்களுக்கு முன்கூட்டியே அறிவித்துக் கலந்துபேச வேண்டும் என்ற நடத்தை விதி இருக்கிறது. வேளாண் கட்டமைப்புகளில் அதைவிட நடைமுறையான தடை ஒன்றும் உண்டு: மேலிருந்து எடுத்த படத்தில் கமலைக் கிணறும் சாதாரணக் கிணறும் ஒரே இருண்ட சதுரமாகவே தெரியும். தூண்களின் நிழல் விழுந்திருந்தால்தான் ஐயப்படவே முடியும். ஆகவே இந்த மாற்றத்தை வட்டாரத்து ஆட்கள் நேரில் போய் ஒவ்வொன்றாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படிப் போகும்போது பார்த்த நாளை 'செக் டேட்' திறவில் எழுதி வைப்பது அவசியம். சித்திரை வெயிலில் அடி தெரிய வறண்டு கிடக்கும் கிணறு, வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் கார்த்திகையில் முக்கால் கிணறு நிறைந்து நிற்கக்கூடும். உரிமையாளர் ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்து இறைக்கவும் கூடும். கோடையில் ஒருமுறை பார்த்ததை மட்டும் வைத்து 'அபாண்டண்டு' என்று எழுதாமல், மழைக்காலத்துக்குப் பின் இன்னொரு முறை பார்க்கும்வரை 'டிஸ்யூஸ்டு' என்று நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.